கூகுள் 'ஸாரி' சொன்னாலும் கம்பைலர் வீட்டுக் கதவுக்குப் பூட்டு இல்லை!

மே மாதம் பிறந்தால் அக்னி நட்சத்திரம் மட்டுமல்ல, இன்னொன்றும் சுடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் கவனித்துப் பாருங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, மின்னஞ்சலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து திறந்து மூடுவார்கள். 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' முடிவு வரும் நேரம் அது.

வந்த மின்னஞ்சல் 'வாழ்த்துகள்' என்று தொடங்கினால் வீட்டில் கேசரி. 'வருந்துகிறோம்' என்று தொடங்கினால்? பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் தொடங்குகிறது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில், பாடாலூர் ஸ்டாப்பில் நின்று பெரம்பலூர் பக்கமோ திருச்சி பக்கமோ கல்லூரிக்கு பஸ் ஏறும் ஒரு மாணவிக்கு அந்த மின்னஞ்சல் வந்தால், அவர் அடுத்து என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதுவும் அவர் விண்ணப்பித்தது, கம்ப்யூட்டர் உலகிலேயே கஷ்டமானது என்று பெயரெடுத்த 'கம்பைலர்' வேலைக்கு என்றால்?

அது என்ன சம்மர் ஆஃப் கோட்?

2005-ல் கூகுள் தொடங்கிய திட்டம். உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருக்கும் மென்பொருள்களை 'ஓப்பன் சோர்ஸ்' என்கிறோம். அப்படிப்பட்ட மென்பொருள்களை நடத்தும் அமைப்புகளோடு புதியவர்களைச் சேர்த்துவிட்டு, அவர்களுக்கு ஒரு வழிகாட்டியையும் கொடுத்து, வேலையை முடித்தால் உதவித்தொகையும் கூகுள் தருகிறது. தொகை நாட்டுக்கு நாடு மாறும். முதலில் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, 2022 முதல் 18 வயது நிரம்பிய, ஓப்பன் சோர்ஸுக்குப் புதிய எவரும் விண்ணப்பிக்கலாம் என்று ஆனது.

போட்டி எப்படி? 2025-ல் 15,000-க்கும் அதிகமானவர்கள் விண்ணப்பித்தார்கள். தேர்வானவர்கள் சுமார் 1,280 பேர். அதாவது, 12 பேரில் ஒருவருக்குத்தான் இடம்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பங்களைப் படித்து வரிசைப்படுத்துவது அந்தந்த அமைப்பின் வழிகாட்டிகள். தங்களுக்கு எத்தனை இடம் வேண்டும் என்று அமைப்பு கேட்கும். எத்தனை தருவது என்று முடிவுசெய்வது கூகுள். ஓர் அமைப்புக்கு மூன்று இடம் கிடைத்தால், நான்காவதாக நிற்பவரின் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியேதான். அதனால் நிராகரிப்பு என்பது 'உனக்குக் கோடிங் வராது' என்ற தீர்ப்பு அல்ல. பல நேரங்களில் அது 'நாற்காலி தீர்ந்துவிட்டது' என்ற தகவல் மட்டுமே.

கம்பைலர்: கம்ப்யூட்டரின் மொழிபெயர்ப்பாளர்

நாம் எழுதும் புரோகிராம் கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியாது. அதற்குத் தெரிந்தது 0, 1 மட்டும்தான். மனிதர் எழுதியதை முழுவதும் வாசித்து, இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். உங்கள் போனில் ஓடும் ஒவ்வொரு ஆப்புக்குப் பின்னாலும் ஏதோ ஒரு கம்பைலரின் உழைப்பு இருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது என்பது தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். தொல்காப்பியத்தில் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன அல்லவா? கம்பைலரும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகிறது. முதலில் எழுத்துகளைச் சேர்த்துச் சொற்களாகப் பிரிக்கும். பிறகு அந்தச் சொற்கள் சரியான வாக்கியமாக அமைந்திருக்கின்றனவா என்று பார்க்கும். அடுத்து, அந்த வாக்கியத்துக்குப் பொருள் இருக்கிறதா என்று சோதிக்கும். 'கல் சாப்பிட்டது' என்பது இலக்கணப்படி சரி, பொருள்படி தப்பு. கம்பைலர் இரண்டையும் பார்க்கும். எல்லாம் சரி என்றால், வேகமாக ஓடும்படி செதுக்கி, இயந்திர மொழியில் எழுதிக் கொடுக்கும்.

பொறியியல் கல்லூரிகளில் 'கம்பைலர் டிசைன்' என்றே ஒரு தாள் உண்டு. அட்டையில் டிராகன் படம் போட்ட புகழ்பெற்ற பாடநூல் பலருக்கும் நினைவிருக்கும். ஆல்ஃப்ரெட் ஆஹோ, ரவி சேத்தி, ஜெஃப்ரி உல்மன் மூவரும் எழுதி 1986-ல் வந்த நூல் அது. அதில் வரும் டிராகனைப் பரீட்சைக்காகப் பார்த்துப் பயந்தவர்கள் அதிகம். நிஜமான கம்பைலரைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

காரையின் கிளிஞ்சலும் ஃபோர்ட்ரானும்

பாடாலூருக்குப் பக்கத்திலிருக்கும் காரைக்குப் போயிருக்கிறீர்களா? செம்மண்ணும் வெண்மண்ணுமாக அரித்துப்போன மேடு பள்ளங்களில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கும் இடம் அது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் கடல்.

கம்ப்யூட்டர் மொழிகளிலும் புதைபடிவம் என்று பலர் கேலி செய்யும் ஒன்று உண்டு. பெயர் ஃபோர்ட்ரான். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு உருவாக்கி, 1957-ல் வெளியிட்டது. பெரிய அளவில் பயன்பாட்டுக்கு வந்த முதல் கம்பைலர்களில் ஒன்று அதனுடையது.

ஆனால், இந்தப் படிவத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. வானிலையைக் கணிக்க உலகம் முழுவதும் பயன்படும் 'டபிள்யூ.ஆர்.எஃப்.' போன்ற மாதிரிகளின் பெரும்பகுதி ஃபோர்ட்ரானில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அந்த மாதிரியைப் பயன்படுத்துகிறது. மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடும் பெரம்பலூர் விவசாயி, 'இன்னும் மூன்று நாளில் மழை' என்ற செய்தியை போனில் பார்க்கிறார். அந்தச் செய்திக்குப் பின்னால் எங்கோ ஒரு ஃபோர்ட்ரான் புரோகிராமும் அதை மொழிபெயர்த்த கம்பைலரும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் பழைய மொழிக்குப் புதிய கம்பைலர் ஒன்றை உருவாக்கும் ஓப்பன் சோர்ஸ் முயற்சிதான் 'எல்ஃபோர்ட்ரான்'. தொடங்கியவர் செக் நாட்டில் பிறந்த இயற்பியலாளர் ஒண்ட்ரே செர்ட்டிக். கணிதச் சமன்பாடுகளைக் கையாளும் 'சிம்பை' என்ற மென்பொருளையும் தொடங்கியவர் இவர்தான். சிம்பை 2007-லேயே கூகுள் திட்டத்தில் மாணவர்களைச் சேர்த்தது. பின்னாளில் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஆரன் மியூரர், 2009-ல் அதே திட்டத்தின் வழியாக மாணவராக உள்ளே வந்தவர். ஃபோர்ட்ரான் மொழிக்கான அமைப்பு 2021-ல் கூகுள் திட்டத்தில் பங்கேற்றபோது, எல்ஃபோர்ட்ரானிலும் மாணவர்கள் வேலை செய்தார்கள்.

நிராகரிப்புக்கு மறுநாள் கையில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

நல்ல அமைப்புகள் வெறும் விண்ணப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை. சிம்பை போன்றவை, விண்ணப்பிப்பவர் முன்கூட்டியே ஒரு திருத்தமாவது அனுப்பியிருக்க வேண்டும் என்று நிபந்தனையே வைத்திருக்கின்றன. ஆக, விண்ணப்பித்த மாணவியின் லேப்டாப்பில் அந்த மென்பொருளின் மூலநிரல் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதை 'பில்ட்' செய்யத் தெரியும். வழிகாட்டிகளின் பெயர்களும் அவர்கள் எப்படிப் பதில் எழுதுவார்கள் என்பதும் தெரியும். மூன்று மாதத் திட்டம் ஒன்றை வாரவாரியாக எழுதியும் வைத்திருக்கிறார். நிராகரிப்பு வந்தபோது போனது உதவித்தொகையும் சான்றிதழும்தான். இவை எதுவும் போகவில்லை.

ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க யாருடைய அனுமதிக் கடிதமும் வேண்டாம். கூகுள் திட்டம் அந்த வீட்டுக்கான ஒரு வாசல். வீட்டுக்கு வேறு வாசல்களும் உண்டு, அவற்றுக்குப் பூட்டு கிடையாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

1. முதலில் ஒரு நன்றி. வழிகாட்டிக்கு இரண்டு வரி எழுதுங்கள். 'தேர்வாகவில்லை, ஆனாலும் தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன். என் விண்ணப்பத்தில் எந்தப் பகுதி பலவீனமாக இருந்தது?' என்று கேட்கலாம். பதில் வரலாம், வராமலும் போகலாம். கேட்பதில் நஷ்டமில்லை.

2. பெரிய திட்டத்தைத் தள்ளி வையுங்கள். நீங்கள் முன்மொழிந்த வேலையைத் தேர்வான இன்னொருவர் அந்தக் கோடையில் செய்துகொண்டிருக்கலாம். அதில் கை வைத்தால் இருவர் வேலையும் வீண். பக்கத்திலிருக்கும் சின்ன வேலையை எடுங்கள். பெரும்பாலான கம்பைலர் திட்டங்களில் புதியவர்களுக்கென்றே முத்திரை குத்திய பிரச்னைகளின் பட்டியல் இருக்கும்.

3. பிழை தேடுங்கள். கம்பைலரில் இது சுவாரஸ்யமான வேலை. ஓர் உதாரணம்: ஃபோர்ட்ரானில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அறிவிக்காமல் பயன்படுத்தும் பெயர் 'ஐ' முதல் 'என்' வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால், அது முழு எண் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். 'மழை' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் அது 'எம்'-ல் தொடங்கும். அதில் 7.6 மில்லிமீட்டர் என்று போட்டால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 7 என்றுதான் சேமிக்கும். மொழியின் விதி அது. புதிய கம்பைலர் 8 என்று காட்டினால்? அதுதான் பிழை.

4. பிழையைச் சுருக்குங்கள். 500 வரி புரோகிராமில் கண்ட பிழையை, அதே பிழை வரும் 5 வரிப் புரோகிராமாகக் குறுக்குங்கள். 'ஜிஃபோர்ட்ரான்' போன்ற நிலைபெற்ற கம்பைலர் என்ன விடை தருகிறது, புதியது என்ன தருகிறது என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். திருத்தவே தெரியாவிட்டாலும், இப்படி ஒரு பிழை அறிக்கை தருவது மதிப்புள்ள பங்களிப்பு.

5. பிறகு திருத்தம். திருத்தத்தோடு அந்த 5 வரிப் புரோகிராமையும் சோதனையாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். நாளை வேறு யாராவது கை வைத்து அதே பிழை திரும்ப வந்தால், அந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் திருத்தத்தை மூத்தவர்கள் வாசித்து, 'இதை மாற்று, அதை மாற்று' என்று நான்கைந்து முறை திருப்பி அனுப்பலாம். அது அவமானம் அல்ல. 20 வருட அனுபவசாலிகளின் கோடும் அப்படித் திரும்பித்தான் வரும்.

பழைய லேப்டாப் போதுமா?

நியாயமான கேள்வி. இன்றைய பல கம்பைலர்களுக்கு அடித்தளமாக இருப்பது 'எல்.எல்.வி.எம்.'. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-ல் கிறிஸ் லாட்னர் மாணவராக இருந்தபோது தொடங்கியது. அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் விக்ரம் ஆத்வே, பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஒரு மாணவரின் ஆராய்ச்சி இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது என்பது பெருமைதான். ஆனால் அதை முழுவதுமாக பில்ட் செய்ய நிறைய மெமரியும் இடமும் வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் மூச்சு வாங்கும்.

இதற்கும் வழி இருக்கிறது. எல்.எல்.வி.எம்.-ஐத் தயார் நிலையில் இறக்கிக்கொண்டு, அதன் மேல் அமரும் சிறிய கம்பைலர்களை மட்டும் பில்ட் செய்யலாம். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களுக்காக 'ஜி.சி.சி. கம்பைல் ஃபார்ம்' என்ற ஏற்பாடு, தொலைவிலிருந்தே பயன்படுத்தும்படி கம்ப்யூட்டர்களை இலவசமாகத் தருகிறது. கல்லூரி லேபில் லினக்ஸ் இருந்தால் அதுவே பாதி பலம். பேராசிரியரிடம் கேட்டு, மாலையில் ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளலாம்.

கொழும்பு காட்டிய வழி

'இதெல்லாம் அமெரிக்காக்காரர்களுக்கு' என்று நினைத்தால், பக்கத்து நாட்டைப் பாருங்கள். கூகுள் திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில், உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எது தெரியுமா? இலங்கையின் மொரட்டுவை பல்கலைக்கழகம். ஓப்பன் சோர்ஸை அங்கே வளர்த்தவர்களில் முக்கியமானவர் சஞ்சீவ வீரவரண. 2005-ல் அவர் சேர்ந்து தொடங்கிய 'டபிள்யூ.எஸ்.ஓ.2' நிறுவனம், 'பாலரினா' என்ற புரோகிராமிங் மொழியையே உருவாக்கி, அதன் கம்பைலரையும் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருக்கிறது. சீனியர் ஒருவர் உள்ளே போனால் ஜூனியருக்கு வழி காட்டுவார். அந்தச் சங்கிலிதான் அங்கே நடந்தது.

தமிழிலும் முயற்சிகள் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்', தமிழ்ச் சொற்களாலேயே புரோகிராம் எழுத உதவும் ஓப்பன் சோர்ஸ் மொழி. கம்பைலர் உலகில் முதல் அடி வைக்க விரும்புபவர்கள், சிறியதான எழிலின் மூலநிரலை வாசித்துப் பழகலாம்.

திட்டம் எதிலும் சேராமலேயே உள்ளே வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆதார் திட்டத்தில் பணியாற்றிய விரல் ஷா உள்ளிட்ட நால்வர் 2012-ல் வெளியிட்ட மொழி 'ஜூலியா'. அதை விண்டோஸில் ஓட வைக்கும் வேலையைச் செய்த கீனோ ஃபிஷர் அப்போது பள்ளி மாணவர். பின்னாளில் ஜூலியா நிறுவனத்தின் இணை நிறுவனர்களில் ஒருவரானார்.

'சம்பளமில்லாமல் எதுக்குப்பா?'

வீட்டில் கட்டாயம் வரும் கேள்வி. தப்பான கேள்வியும் அல்ல. லீவில் வேலைக்குப் போய் ஃபீஸுக்குச் சேர்த்தாக வேண்டிய பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களிடம் 'மூன்று மாதம் இலவசமாக உழை' என்று சொல்வது அநியாயம். இரவு எட்டு மணிக்கு மேல் லேபில் இருக்க அனுமதியில்லாத மாணவிக்கும், தனி அறையும் வைஃபையும் இருக்கும் நகரத்து மாணவருக்கும் ஓட்டப்பந்தயக் கோடு ஒன்றல்ல.

அதனால் அளவு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம், மூன்று மாதம். அதற்குள் இரண்டு சின்னத் திருத்தங்கள் சேர்ந்தாலே நல்ல தொடக்கம். பணம் அவசியம் என்றால் வேறு உதவித்தொகைத் திட்டங்களையும் பாருங்கள். பெண்கள் உள்ளிட்ட, தொழில்நுட்பத் துறையில் குறைவாக இடம்பெற்றிருக்கும் பிரிவினருக்கான 'அவுட்ரீச்சி' வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. லினக்ஸ் ஃபவுண்டேஷனும் உதவித்தொகையோடு வழிகாட்டுதல் திட்டம் நடத்துகிறது. நிராகரிக்கப்பட்ட பிறகு செய்த வேலை, இந்த விண்ணப்பங்களில் முதல் பக்கத்தில் நிற்கும்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். கம்பைலர் தெரிந்தவர்களுக்கு வேலைச் சந்தையில் தனி இடம் உண்டு. ஏ.எம்.டி., இன்டெல், குவால்காம், என்விடியா போன்ற சிப் நிறுவனங்களுக்கு கம்பைலர் இன்ஜினீயர்கள் இல்லாமல் முடியாது. இன்டர்வியூவில் 'புராஜெக்ட் செய்தேன்' என்று சொல்வதற்கும், 'இதோ நான் எழுதிய கோட், இதோ அதை ஏற்றுக்கொண்டவர்கள் எழுதிய கருத்து' என்று காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வேலை நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்கும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, பணம் கட்டாதீர்கள். கூகுள் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. 'செலக்‌ஷன் கியாரன்டி' என்று யாராவது ஃபீஸ் கேட்டால் நம்பாதீர்கள்.

இரண்டு, எண்ணிக்கைக்காகச் செய்யாதீர்கள். 2020 அக்டோபரில் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற நிகழ்வில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம் என்றிருந்தது. ஒரு சொல்லை மட்டும் மாற்றி, அர்த்தமில்லாத திருத்தங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். மென்பொருளைப் பராமரிப்பவர்கள் நொந்துபோக, விதிகளையே பாதியில் மாற்ற வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் தங்கள் ஓய்வு நேரத்தில்தான் உங்கள் கோடை வாசிக்கிறார்கள்.

மூன்று, ஏ.ஐ. எழுதித் தந்ததை அப்படியே அனுப்பாதீர்கள். 'இந்த வரி எதற்கு?' என்று வழிகாட்டி கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். புரிந்துகொள்ள ஏ.ஐ.யிடம் கேளுங்கள், பதில் உங்களுடையதாக இருக்கட்டும்.

தனியாக வேண்டாம்!

இந்த வேலையில் பலரை நிறுத்திவிடுவது தனிமைதான். பிழைச் செய்தி ஒன்று மூன்று நாள் மண்டையைக் குடைந்தால், பக்கத்தில் கேட்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு நல்ல குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் ஐ.எல்.யூ.ஜி.சி., காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்கே பயிற்சி தரும் வி.ஜி.எல்.யூ.ஜி. தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பாடங்களை வெளியிடும் 'கணியம்' இருக்கிறது. தமிழில் தயங்காமல் சந்தேகம் கேட்கலாம். உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று இல்லையென்றால், நான்கு பேர் சேர்ந்தால் போதும், அதுவே ஒரு குழு.

கூகுள் திட்டத்தில் பங்கேற்கும் அமைப்புகளின் அடுத்த பட்டியல் வழக்கம்போல் பிப்ரவரியில் வரும். மார்ச்சில் விண்ணப்பம் தொடங்கும். நிராகரிக்கப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. இடையில் இருக்கும் மாதங்களில் ஒரு கம்பைலருக்குள் இரண்டு திருத்தங்கள் உங்கள் பெயரில் போய்ச் சேர்ந்திருந்தால், அடுத்த முறை வழிகாட்டி உங்கள் விண்ணப்பத்தைத் திறக்கும்போது அது முன்பின் தெரியாத பெயராக இருக்காது.

ஒருவேளை அடுத்த முறையும் இடம் கிடைக்காவிட்டால்? 7.6-ஐ 7 என்று சரியாகக் காட்ட நீங்கள் எழுதிய அந்தச் சின்னத் திருத்தம், கம்பைலரை யார் எங்கே ஓட்டினாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.